தனியாக நிற்காத வாக்கியம்

இங்கிலீஷ் இலக்கணத்தில் க்ளாஸ் என்று ஒன்று இருக்கிறதே, பெரிய வாக்கியத்துக்குள் குடியிருக்கிற சின்ன வாக்கியம், அதை நினைத்தாலே இருபத்திமூன்று வயதில் எனக்குப் பயம். சிரிக்காதீர்கள். பாம்புக்குப் பயந்தவர்கள், பேய்க்குப் பயந்தவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் நாமக்கல் பக்கம் நிறையப் பேர் உண்டு. இலக்கணத்துக்குப் பயந்த வாத்தியார் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான்.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருசம் முந்தின கதை இது. நாமக்கல்லில் இருந்து வண்டி கட்டினால் அரைநாள் பிடிக்கிற ஒரு ஊரில் மிடில் ஸ்கூல் ஒன்று இருந்தது. ஊரிலேயே பெரிய பண்ணைக்காரர் தன் நிலத்தில் கட்டின பள்ளிக்கூடம். சர்க்கார் கிராண்டுப் பணம் வரும், ஆனால் வாத்தியாரை வைப்பதும் எடுப்பதும் அவர் இஷ்டம். எல்லோருக்கும் அவர் மேனேஜர். நான் சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு தலை மறைவாக இருந்தேன். இங்கிலீஷ் வாத்தியார் பாதி வருசத்தில் சேலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு இங்கிலீசு வருமில்லீங்க என்று கேட்டார். அவர் முன்னால் நின்று யாரும் எதையும் வராது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. வருமுங்க என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

டிரெயினிங் ஸ்கூலில் நான் இலக்கணம் தேறின லட்சணம் எனக்குத்தான் தெரியும். 'வென்', 'இஃப்', 'பிகாஸ்' என்ற வார்த்தைகளை எங்கே கண்டாலும் அங்கே ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் சபார்டினேட் க்ளாஸ், அந்தப் பக்கம் மெயின் க்ளாஸ். ஏன் என்று கேட்டால் செத்தேன். மூன்றாம் பாரம் என்கிற எட்டாம் வகுப்புக்குப் போன முதல் வாரமே ஒரு பையன் எழுந்து, 'இன் தி மார்னிங்' என்பது க்ளாஸா, வெறும் ஃப்ரேஸா என்று கேட்டான். அதை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். உண்மையாகவே வலித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வேலை போனால் என்ன, இன்னொன்று தேடிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நிலம் கிடையாது. வீட்டுக்காரி ஆறு மாதக் கர்ப்பிணி. திருச்செங்கோட்டுப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த என் மாமனார், வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் எங்களோடேயே வந்து இருந்துகொள்ளுங்கள், மில்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஏற்கனவே அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தார். அவரை மாமனார் நாலு பேர் முன்னால், மாப்பிள்ளை என்று கூப்பிடாமல், பேர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அதைவிட அவமானம் வேறு இல்லை. எங்கப்பன் உங்களப் பேரு சொல்லிக் கூப்புடறத நாங் கேக்கணுமாங்க என்று அவள் ஒருநாள் அழுதாள். எனக்கும் அந்தப் பயம்தான். சோற்றுக்கு இல்லாமல் போவதைவிட அந்தப் பயம் பெரிசு.

க்ளாஸ் எனக்குப் புரிந்தது புத்தகத்தில் அல்ல, மாட்டுச் சந்தையில். மேனேஜருக்கு ஆண்பிள்ளை கிடையாது. ஒரே மகள். ராசிபுரம் பக்கத்து வானம்பார்த்த பூமிக்காரர் ஒருத்தருக்குக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையை இங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். கட்டுமஸ்தான ஆள், அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்குச் சந்தையில் ஒரு காளையைப் பிடித்து வாயைத் திறந்து பல் பார்த்தார். திமிலைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். துண்டுக்குள் கையை விட்டு விரலால் விலையும் பேசினார். கடைசியில் மாட்டுக்காரன், முடிச்சுக்கலாங்களா என்றான். இவர், மாமா வரட்டுங்க என்றார். மாட்டுக்காரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

பக்கத்தில் நின்ற எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, ஆள் முழுசு. ஆனால் காரியம் முடியவில்லை. இன்னொருத்தர் வந்தால்தான் அர்த்தம் முடியும். இதுதானே சபார்டினேட் க்ளாஸ், இத்தனை வருசமாக என் உயிரை வாங்கினது இதுதானா என்று சந்தையிலேயே சிரித்தேன். ஃப்ரேஸ் என்றால் ஆளே இல்லாத வெறும் துண்டு. அதுவும் அப்போதே விளங்கிவிட்டது.

மறுநாள் மூன்றாம் பாரத்தில் எனக்கு வந்த தைரியத்தைப் பார்க்க வேண்டுமே. சிம்பிள் சென்டென்ஸ் என்றால் ஒரு ஆள், ஒரு ஏர், ஒரு காடு என்றேன். எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம். காம்பவுண்ட் என்றால் பாகம் பிரிந்த அண்ணன் தம்பி, நடுவில் ஒரு பொதுக் கிணறு. அந்தக் கிணறுதான் 'அண்டு'. ஆளுக்கு ஒரு நாள் முறை, ஒருத்தன் இல்லாவிட்டாலும் மற்றவன் பாட்டுக்குப் பாடுபடுவான். காம்ப்ளெக்ஸ் என்றால் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை. சந்தையில் அவர் மாட்டுக்குப் பல் பார்ப்பார், விலை பேசுவார், முடிப்பதற்கு மாமனார் தலையாட்ட வேண்டும். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை, ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை ஒருத்தர்தான். கட்டளை வாக்கியத்துக்கு மேனேஜரை உதாரணம் காட்டாமல் விட்டேன். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கிற மாதிரி ஆகிவிடக்கூடாது. அந்த வகுப்பில் இரண்டே பெண்பிள்ளைகள். ஒருத்தி தலைமை ஆசிரியர் மகள். இன்னொருத்தி அந்த மாப்பிள்ளையின் மகள். பன்னிரண்டு வயசு, வகுப்பிலேயே கெட்டிக்காரி. அப்போது அவளுக்கு அம்மை போட்டு மூன்று வாரமாக வரவில்லை. அவள் இல்லை என்கிற தைரியத்தில்தான் நான் அந்தக் கூத்தை அடித்தேன். திரும்பி வந்தவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எப்போதும் முதலில் கை தூக்குகிறவள், வந்ததில் இருந்து கை தூக்கவில்லை. உடம்பு இன்னும் தேறவில்லை போல என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவள் கை தூக்காதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். மாப்பிள்ளை வண்டியில் தீவனத்துக்குச் சோளத்தட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். புளியமரத்தடியில் இருந்து என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், சபார்டினேட்டு, சபார்டினேட்டு என்று கத்தினார்கள். அவர் ஏதோ மரியாதைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் அந்த இரண்டு பேரையும் பெஞ்சுமேல் ஏற்றி விளாசித் தள்ளினேன். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னதற்கு நானே அடித்தேன்.

அந்த வாரமே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடுதாசி வந்தது. எட்டு நாள் தவணை. மேனேஜர் என்னைக் களத்துக்குக் கூப்பிட்டு விட்டார். இங்கிலீசைப் பற்றி இன்ஸ்பெக்டர் நல்லதாக நாலு வரி எழுதினால் உங்களை நிரந்தரம் பண்ணிவிடுவேன், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவர் மாப்பிள்ளை ஓரமாக நின்று காளைக்குப் பருத்திக்கொட்டை கலந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து சபார்டினேட் க்ளாஸ் என்றால் என்ன என்று கேட்பார், முப்பது பயல்களும் ஒரே குரலில் மாப்பிள்ளையைக் காட்டுவார்கள், மேனேஜர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். இதே காட்சி குளிக்கும்போதும் வரும், கரும்பலகையைத் துடைக்கும்போதும் வரும். வகுப்பில் போய், முந்தி சொன்ன உதாரணத்தை மறந்துவிடுங்கள், இனிமேல் பசு மெயின் க்ளாஸ், கன்றுக்குட்டி சபார்டினேட் என்றேன். ஒரு பயல் எழுந்து, எங்க ஊட்டுக் கன்னுக்குட்டி தனியாத்தானுங்க நிக்குது என்றான். அதோடு இருந்த தெளிவும் போயிற்று. மூன்றே நாளில் வகுப்பு முழுக்கக் குழம்பிப்போய், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பழைய உதாரணத்தைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் பாடம் போய் அதனாலும் வேலை போகும். கடைசியில் புத்தகத்தில் இருந்த விளக்கத்தை அப்படியே இங்கிலீஷில் உருப்போட வைத்தேன். காலையும் மாலையும் கோவிந்தா போடுகிற மாதிரி கத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் ஒரு சிடுமூஞ்சியாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. கோட்டும் தலைப்பாகையுமாக, மெதுவாகப் பேசுகிற மனிதர். மேனேஜர் மாலை போட்டார், மாப்பிள்ளை இளநீர் சீவிக் கொடுத்தார். மூன்றாம் பாரத்துக்குள் மூன்று பேரும் சேர்ந்தே நுழைந்தார்கள். மாப்பிள்ளை வாசற்படியோரம் சொம்போடு நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் பலகையில் தானே ஒரு வாக்கியம் எழுதினார். மழை வந்தபோது விவசாயிகள் காட்டுக்குப் போனார்கள் என்று அர்த்தம். ஒரு பையனைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார். 'வென்' இருந்த இடத்தைப் பார்த்து அவன் சரியாகக் கோடு போட்டான். என் பாணி. எனக்கு மூச்சு வந்தது. சபார்டினேட் என்றால் என்ன என்று கேட்டார், வகுப்பே எழுந்து நின்று கத்தியது. அவர் காதைத் தேய்த்துக்கொண்டு, இதை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கேட்கிறேன், யாராவது ஒருத்தர் எழுந்து அது ஏன் தனியாக நிற்காது என்று தமிழில், உங்களுக்குப் புரிந்தபடி சொல்லுங்கள் என்றார்.

ஒரு பயல் வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பின்பெஞ்சில் எவனோ வாசற்படிப் பக்கம் பார்த்துச் சிரித்தான். அதைக் கண்டு அடுத்தவன் சிரித்தான். முடிந்தது, திருச்செங்கோட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் பெருமையாக முன்னால் வந்து, மாப்பிள்ளையின் மகளைக் கை காட்டினார். எம் பேத்திங்க, நல்லாப் படிக்கும், அதக் கேளுங்க என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லு சாமி, பயப்படாதே."

அவள் எழுந்தாள். அம்மைத் தழும்பு முகத்தில் இன்னும் மறையவில்லை. பலகையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் மனசுக்குள் முனகிக்கொண்டே இருந்தேன்.

"எங்கய்யன் மாதிரிங்க," என்றாள். "ஆளு முழுசுதானுங்க. மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாப்பாருங்க, வெல பேசுவாருங்க. எங்கப்புச்சி தலையாட்டுனாத்தான் அது முடியுமுங்க."

அய்யன் என்றால் எங்கள் பக்கம் அப்பா, அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் அதோடு உட்கார்ந்திருந்தால்கூடச் சரி. உட்காரவில்லை.

"தனியா நிக்கத் தெரியாம இல்லீங்க. நிக்க உடறதில்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் வாசற்படியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் மேனேஜரை ஒரு தரம் பார்த்தார், தொண்டையைச் செருமினார், சரியாகச் சொன்னாய், உட்காரம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தார். போகும்போது பள்ளிக்கூடத்துப் பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனதைத் தலைமை ஆசிரியர் எனக்குக் காட்டினார். இலக்கணம் வீட்டு உதாரணங்களோடு விளங்கும்படி நடத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார். நாலு வரிக்கு அந்த ஒரு வரியே போதும். ஆனால் அதைப் படித்துச் சந்தோசப்படுகிற நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் மேனேஜரிடம் இருந்து ஆள் வந்தது. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன், உண்மையைச் சொல்லலாமா என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. மேனேஜர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தூணோரம் நின்றார். கதவுக்குப் பின்னால் பாவாடை தெரிந்தது, அந்தப் பிள்ளை உள்ளே நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

"அந்த மாட்டுப்பல்லுக் கதையப் புள்ளைக்கு ஆரு சொல்லிக் குடுத்தது வாத்தியாரே?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரியின் வயிறு ஞாபகம் வந்தது, மில் ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. புள்ள தானாச் சொன்னதுங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய். இலக்கணத்துக்குத் திக்கின வாய் இதற்குத் திக்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சே, இப்போது எழுதும்போதும் என்னை நானே காறித் துப்பலாம் போல இருக்கிறது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வந்து நின்றாள். வாத்தியார் சொன்னது நிஜமா என்று கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. நான் எதாவது சொல்லப்போகிறேனா என்று காத்திருக்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைதான் பேசினார். நாந்தானுங்க மாமா, ஊட்டுல பொலம்பிட்டு இருந்தேன், புள்ள கேட்டிருக்கும், அதை ஒண்ணும் சொல்லாதீங்க என்றார். அவர் பொலம்புகிற ஆளே இல்லை என்று ஊருக்கே தெரியும். மேனேஜர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அதற்கும் இடம் கொடுக்காமல், நாளைக்குக் காத்தால நாங்க எங்க ஊருக்குப் போறமுங்க என்றார். அவர் எதற்கும் உத்தரவு கேட்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னை யாரும் போகச் சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து வேலை நிரந்தரமாகிவிடும் என்று சொன்னேன். என் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைத்து வெல்லம் போட்டு ஏதோ கிண்டினாள். நல்ல வாத்தியாருக்கு நல்லதுதான் நடக்கும் என்றாள். அவளிடம்கூட நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் வண்டி வந்து நின்றது. அண்டாவும் பாயும் கட்டியிருந்தது. தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். தகப்பன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார், வாரேனுங்க என்றார். அவர் ஊரில் என்ன பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அஞ்சாவது வரைக்கும் இருக்குதுங்க என்றார். அவள் அஞ்சாவது முடித்து மூன்று வருசம் ஆகிறது.

அந்தப் பிள்ளை இறங்கி என் கிட்டே வந்தாள். கையில் இலக்கணப் புத்தகம். அது பள்ளிக்கூடத்துப் புத்தகம், போகிறவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"பொஸ்தகம் கிழியலீங்க. பாத்துக்கங்க."

கையை நீட்டி வாங்கினேன். மன்னித்துக்கொள் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு வைத்து அவள் தகப்பனிடம் போய், தப்பு என்னுடையது, வண்டியைத் திருப்புங்கள், நானே மேனேஜரிடம் வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் வீட்டு ஆள் ஒருத்தன் எதிர்த்திண்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் நான் அந்தப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். அவள் நின்று, நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.